லீக்ஸ்: ஒரு தண்டு, மூன்று பக்குவம்

சென்னைப் பல்பொருள் அங்காடிகளின் காய்கறிப் பகுதியில், புரோக்கோலிக்கும் சுக்கினிக்கும் அருகே, ஒரு முழ நீளத்தில் அடிப்பகுதி வெள்ளையாகவும் நுனி கரும்பச்சையாகவும் அடுக்கப்பட்டிருக்கும் லீக்ஸைப் பலர் பருத்த வெங்காயத்தாள் என்று எண்ணியே வாங்கிச் செல்கிறார்கள். வெங்காயத்தாளைப் போலவே அதை நறுக்கி, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் போட்டுப் பெருந்தீயில் புரட்டினால், உள்ளே நார் வேகாமல் நிற்கிறது, ஓரங்கள் கருகிக் கசக்கின்றன, அடுக்குகளுக்குள் இருந்த மண் பல்லில் நறநறக்கிறது. அத்துடன் அந்த வீட்டில் லீக்ஸுக்கு இடமில்லாமல் போய்விடுகிறது. நிதானமாக வேகவைத்தால் வெண்ணெயைப் போல் குழைந்து இனிக்கும் ஒரு காய்க்கு இப்படி நேர்வது வருத்தம் தருவதாகும்.

லீக்ஸ் வெங்காயக் குடும்பத்தைச் சேர்ந்ததே ஆயினும் அது வெங்காயம் அன்று. வெங்காயத்தில் இருப்பதைப் போன்ற கிழங்கு அதில் திரள்வதில்லை. இலைகளின் அடிப்பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு இறுகி நிற்பதையே நாம் தண்டு என்கிறோம். அந்தத் தண்டில் வெயில் படாமல் இருப்பதற்காக உழவர்கள் செடி வளர வளர அடியில் மண் அணைத்துக்கொண்டே வருகிறார்கள். மண்ணுக்குள் மறைந்த பகுதி வெளுத்து மென்மையாகிறது, வெயில் கண்ட பகுதி பச்சையாகிக் கெட்டிப்படுகிறது. ஆகவே ஒரே தண்டில் மூன்று விதமான பொருள்கள் இருக்கின்றன என்று கொள்ள வேண்டும்: மென்மையான வெள்ளைப் பகுதி, சற்றே உறுதியான இளம்பச்சைப் பகுதி, தோல்போல் தடித்த கரும்பச்சை இலைகள். இம்மூன்றுக்கும் வேகும் நேரம் வேறு, வெட்டும் விதம் வேறு, பொருந்தும் உணவும் வேறு. இதை மனத்தில் கொண்டு சமைப்பவருக்கு லீக்ஸ் ஒருபோதும் ஏமாற்றம் தராது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

லீக்ஸ் குளிர்ச்சியை விரும்பும் பயிர். சென்னைக்கு அது பெரும்பாலும் நீலகிரியிலிருந்து வருகிறது. கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் உதகமண்டலத்தில் ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிடத் தொடங்கிவைத்த காலம் முதல் அந்த மலை அவற்றுக்கு வீடாகிவிட்டது. இன்றும் நம் காய்கறிக் கடைக்காரர்கள் கேரட், பீட்ரூட், கோஸ் ஆகியவற்றுடன் இதையும் சேர்த்து 'இங்கிலீஷ் காய்' என்றே அழைக்கிறார்கள். மலையிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து, சமவெளி வெப்பத்தில் இறக்கப்பட்ட காய் இது என்பதால், வாங்கும்போதே அதன் நிலையைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

வெள்ளைப் பகுதி நீளமாக இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். உண்பதற்கு மிகச் சுவையானது அதுதான். விரலால் அழுத்தினால் அது இறுக்கமாக எதிர்க்க வேண்டும். மேல் அடுக்கு வழவழத்தாலோ, நுனி இலைகள் மஞ்சளித்திருந்தாலோ அதை விட்டுவிடலாம். இரண்டரை முதல் நான்கு சென்டிமீட்டர் வரை குறுக்களவு உள்ள தண்டுகளே வீட்டுச் சமையலுக்கு ஏற்றவை. அதைவிடப் பருத்தவற்றில் சில நேரங்களில் பூந்தண்டு உருவாகியிருக்கும். மேலே வெட்டிய முனையை உற்றுப் பார்த்தால், அடுக்கடுக்கான வளையங்களுக்கு நடுவே குச்சியைப் போன்ற கெட்டியான உருண்டைத் தண்டு தெரியும். எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அது இளகாது. அத்தகைய லீக்ஸை ஏற்கெனவே வாங்கிவிட்டால், நடுத்தண்டை மட்டும் உருவி எறிந்துவிட்டுச் சுற்றியுள்ள அடுக்குகளைப் பயன்படுத்தலாம்.

வேர் ஒட்டியிருக்கும் லீக்ஸ் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். வேரும் இலையும் கழிக்கப்பட்டு, பிளாஸ்டிக் உறையில் இறுகச் சுற்றி விற்கப்படுவது பார்வைக்குத் தூய்மையாகத் தெரிந்தாலும், வெட்டிய இரு முனைகள் வழியாகவும் ஈரம் இழந்துகொண்டே இருப்பதால் விரைவில் வாடிவிடும்.

சென்னை வெப்பத்தில் கெடாமல் வைத்திருப்பது

வெங்காயத்தைப் போல் கூடையில் போட்டு அடுப்படி மூலையில் வைக்கும் காய் இது இல்லை. வெங்காயத்தின் காய்ந்த மேல்தோல் அதன் ஈரத்தைக் காக்கிறது. லீக்ஸுக்கு அத்தகைய போர்வை கிடையாது. குளிர்க்கிடங்குகளில் பூஜ்யம் டிகிரி செல்சியசை ஒட்டிய குளிரிலும், 95 விழுக்காட்டுக்குக் குறையாத ஈரப்பதத்திலும் வைக்கும்போது அது இரண்டு மூன்று மாதங்கள் வரை தாங்குகிறது. வீட்டு ஃப்ரிட்ஜில் அவ்வளவு காலம் எதிர்பார்க்க முடியாவிட்டாலும், முறையாக வைத்தால் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை தரம் குறையாமல் இருக்கும். கடையிலிருந்து வந்தவுடனேயே உள்ளே வைத்துவிட வேண்டும். மே மாதத்து அடுப்படியில் ஒரு பகல் வெளியே கிடந்தாலே இலைகள் துவண்டுவிடும்.

கழுவாமல் வைக்க வேண்டும் என்பது முதல் விதி. கழுவிய நீர் அடுக்குகளுக்குள் தங்கினால் அங்கிருந்துதான் அழுகல் தொடங்கும். வேரையும் வெட்ட வேண்டாம். ஆனால் கரும்பச்சை இலைகள் ஃப்ரிட்ஜின் காய்கறி அறைக்குள் அடங்காத அளவு நீண்டிருந்தால், அவற்றை மட்டும் வெட்டித் தனியே வைக்கலாம். இலைகள் பரந்திருப்பதால் ஈரத்தை வேகமாக இழக்கின்றன என்பதை நினைவில் கொண்டு, வெட்டிய இலைகளை மூன்று நான்கு நாள்களுக்குள் பயன்படுத்திவிடுவது நல்லது. தண்டை உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி, அதைத் தளர்வான ஓர் உறைக்குள் வைத்து, உறையின் வாயை இறுக்கிக் கட்டாமல் காய்கறி அறையில் கிடத்துங்கள். துணி அதிகப்படியான ஈரத்தை உறிஞ்சும், உறை காய்ந்துபோகாமல் காக்கும். செய்தித்தாளில் சுற்றும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அச்சு மை உணவில் ஒட்டுவது உடல்நலத்துக்கு ஏற்றதல்ல என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அறிவுறுத்தி வருவதால், பழைய வேட்டித் துணியே மேலானது.

அருகில் எதை வைக்கிறோம் என்பதும் முக்கியம். ஆப்பிள், மாம்பழம், பப்பாளி, பழுத்த தக்காளி போன்றவை எத்திலீன் என்னும் வாயுவை வெளியிடுகின்றன. அது பட்டால் லீக்ஸ் இலைகள் விரைவில் மஞ்சளித்துவிடும். மறுபுறம், லீக்ஸின் வாசனையை வெண்ணெய், பால், பன்னீர் ஆகியவை எளிதில் ஏற்றுக்கொள்ளும். எனவே அவற்றை மூடிய டப்பாவில் வைப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. ஒருமுறை வெட்டத் தொடங்கிய தண்டின் மீதியைக் காற்றுப்புகாத டப்பாவில் வைத்து இரண்டு மூன்று நாள்களுக்குள் முடித்துவிடுங்கள். மின்தடை நீளும் நாள்களில் முழுத் தண்டு சில மணி நேரம் தாங்கும், நறுக்கியது அப்படித் தாங்காது.

நிறைய வாங்கிவிட்டால் ஃப்ரீசரிலும் வைக்கலாம். நறுக்கி, மண் போகக் கழுவி, துணியில் பரப்பி நீர் முழுவதும் உலர்ந்த பிறகு, ஒரு தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாதவாறு பரப்பி இரண்டு மணி நேரம் உறையவிட்டு, பிறகு உறையில் நிரப்பிக் காற்றை வெளியேற்றி மூட வேண்டும். சூப்புக்கும் கூட்டுக்கும் இது இரண்டு மூன்று மாதங்கள் வரை நன்றாக உதவும். உறைந்ததை வெளியே வைத்து இளகவிட்டால் வழவழத்துவிடும் என்பதால், அப்படியே சூடான வாணலியில் போட்டுவிடுங்கள். வெண்ணெயில் வதக்கி ஆறவைத்து, ஐஸ் தட்டின் குழிகளில் நிரப்பி உறையவைப்பது இதைவிடச் சிறந்த வழி என்பது என் கருத்து. அவசரமான மாலையில் இரண்டு கட்டிகளை எடுத்துப் பாலில் போட்டாலே சூப்புக்கு அடித்தளம் அமைந்துவிடும்.

மண் போகக் கழுவுவது

மண் அணைத்து வளர்ப்பதால் தண்டின் அடுக்குகளுக்குள், குறிப்பாக வெள்ளையும் பச்சையும் சேரும் இடத்தில், மண் இறங்கித் தங்கியிருக்கும். வெளியே எவ்வளவு கழுவினாலும் அது போகாது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. எந்த வழியானாலும் முதலில் வேர்க்குஞ்சத்தை மட்டும் நறுக்கி, கரும்பச்சை இலைகளைப் பிரித்து, வாடிய மேல் அடுக்கை உரித்துவிடுங்கள்.

தண்டைப் பெரிய துண்டுகளாகச் சமைக்கப் போகிறீர்கள் என்றால், அடியிலிருந்து இரண்டு விரற்கடை விட்டுவிட்டு மேல் முனை வரை நீளவாக்கில் பிளந்து, அடி மேலேயும் இலை முனை கீழேயும் இருக்குமாறு குழாய்க்கு அடியில் பிடித்து, அடுக்குகளை விரலால் விரித்துக் கழுவ வேண்டும். தலைகீழாகப் பிடித்தால் மண் இன்னும் ஆழமாக உள்ளே இறங்கிவிடும்.

நறுக்கிச் சமைப்பதானால், முதலில் நறுக்கிவிட்டு அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு அதில் துண்டுகளைப் போட்டுக் கையால் அலசி, இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள். லீக்ஸ் மிதக்கும், மண் அடியில் படியும். கையால் அள்ளியோ ஜல்லிக் கரண்டியாலோ துண்டுகளை எடுக்க வேண்டும். பாத்திரத்தை வடிதட்டில் கவிழ்த்தால் படிந்த மண் மறுபடி அதன் மேலேயே கொட்டும். தண்ணீர் தெளிவாகும் வரை இப்படி இரண்டு முறை செய்தால் போதும். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் கோடை நாள்களில் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுவதைக் காட்டிலும் இம்முறை சிக்கனமானது, அலசிய நீரும் மாடித் தோட்டத்துக்குப் பயன்படும்.

வெட்டும் திசை

லீக்ஸின் நார்கள் அடியிலிருந்து நுனி நோக்கி ஓடுகின்றன. நீளநீளமாக வெட்டினால் நார் முழு நீளத்துக்கு அப்படியே இருக்கும், வெந்த பிறகும் வாயில் இழுபடும். ஆகவே பொரியல், கூட்டு, சூப் எல்லாவற்றுக்கும் குறுக்காகவே நறுக்க வேண்டும். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, பிளந்த முகத்தைப் பலகையில் படியவைத்து, அரை சென்டிமீட்டர் கனத்தில் பிறைத் துண்டுகளாக நறுக்குவது பெரும்பாலான உணவுகளுக்குப் பொருந்தும். இளம்பச்சைப் பகுதியை இன்னும் மெல்லியதாக நறுக்கினால் வெள்ளையுடன் சேர்ந்தே வெந்துவிடும். கரும்பச்சை இலைகளைப் புகையிலைச் சுருள்போல் உருட்டிப் பிடித்து, கீரைத்தண்டு அரிவதைவிடவும் பொடியாக, அரிவாள்மனையில் அரிவது மிகவும் வசதி.

குறைந்த தீயும் மூடிய பாத்திரமும்

லீக்ஸை வெட்டும்போது அதன் செல்கள் உடைந்து, நொதிகளும் கந்தகச் சேர்மங்களும் சேர்ந்து வெங்காயத்துக்கு உரிய காரமான வாசனையை உருவாக்குகின்றன. லீக்ஸில் அந்தக் காரம் வெங்காயத்தைவிடக் குறைவு, கண்ணையும் அவ்வளவாக எரிக்காது. மெதுவாகச் சூடேற்றும்போது காரம் அடங்கி, உள்ளிருக்கும் இனிப்பு மேலெழுகிறது. ஆனால் லீக்ஸின் அடுக்குகள் மெல்லியவை. பிரியாணிக்கு வெங்காயத்தைப் பொன்னிறமாக வறுப்பதுபோல் இதை வறுக்க முயன்றால், உள்ளே வேகும் முன் ஓரங்கள் கருகிக் கசப்பு ஏறிவிடும். எனவே லீக்ஸுக்கு நிறம் ஏற்றுவதை நோக்கமாகக் கொள்ளாமல், குழைய வைப்பதையே நோக்கமாகக் கொள்ள வேண்டும்.

அடிகனமான வாணலியில் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயும் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் விட்டு, வெண்ணெய் உருகியவுடன், அது நுரைத்துச் சிவக்கும் முன்பே, கழுவி நீர் வடிந்த சுமார் 300 கிராம் லீக்ஸைப் போடுங்கள். அரைத் தேக்கரண்டி உப்பை உடனே சேர்க்கலாம். உப்பு உள்ளிருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும், லீக்ஸ் அந்த நீரிலேயே வேகும். ஒருமுறை கிளறி, மூடி, மிகக் குறைந்த தீயில் 12 முதல் 15 நிமிடம் வைத்து, இடையில் இரண்டு மூன்று முறை கிளறுங்கள். அடிப்பிடிப்பதுபோல் தெரிந்தால் இரண்டு கரண்டி வெந்நீர் தெளிக்கலாம். விரலால் நசுக்கினால் எதிர்ப்பின்றி மசிய வேண்டும். வாயில் போட்டால் நார் தட்டுப்படக் கூடாது. அந்த நிலை வரும் வரை அவசரப்பட வேண்டாம். ஏறத்தாழ எல்லா லீக்ஸ் உணவுகளுக்கும் இந்த வதக்கலே தொடக்கம். இது கைவந்துவிட்டால் மற்றவை தாமாக வரும்.

எலுமிச்சை, தயிர், புளி போன்ற புளிப்புப் பொருள்களை லீக்ஸ் வெந்த பிறகே சேர்க்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். புளிப்பு முன்னதாகச் சேர்ந்தால் காய் மென்மையாவது தாமதப்படும், பச்சை நிறமும் மங்கி ஒருவிதச் சாம்பல்பச்சையாக மாறிவிடும்.

உருளைக்கிழங்குடன் சூப்

லீக்ஸும் உருளைக்கிழங்கும் சேர்வது ஐரோப்பியச் சமையலின் மிகப் பழைய இணைகளுள் ஒன்று. நான்கு பேருக்கு மேற்சொன்னவாறு வதக்கிய 300 கிராம் லீக்ஸுடன், தோல் சீவிச் சிறு துண்டுகளாக்கிய 250 கிராம் உருளைக்கிழங்கைச் சேர்த்து, 800 மில்லிலிட்டர் தண்ணீர் விட்டு, கிழங்கு உடையும் பதம் வரும் வரை சுமார் 20 நிமிடம் மூடி வேகவிடுங்கள். குக்கரில் வைத்தால் ஒரு விசில் போதும். நன்றாக ஆறிய பிறகே மிக்ஸியில் அரைக்க வேண்டும். கொதிக்கும் சூப்பை ஜாரில் ஊற்றி ஓட்டினால் உள்ளே ஆவி அழுத்தம் மிகுந்து மூடி எகிறிக் கையையும் முகத்தையும் சுட்டுவிடும். நீண்ட நேரம் அரைப்பதும் கூடாது. உருளைக்கிழங்கின் மாவுச்சத்து பசைபோல் இழுபடத் தொடங்கும் என்பதால், விட்டுவிட்டு மூன்று நான்கு சுற்று ஓட்டி நிறுத்துங்கள். மத்தால் கடைந்து சற்றே கரடாக விட்டாலும் நன்றாக இருக்கும். திரும்ப அடுப்பில் ஏற்றி, அரை கப் காய்ச்சிய பால் சேர்த்து, கொதிக்கவிடாமல் சூடாக்கி, புதிதாகப் பொடித்த மிளகு தூவி இறக்கலாம். ஜாதிக்காயை ஒரு சிட்டிகை அளவு துருவிப் போட்டால் பாலுக்கும் லீக்ஸுக்கும் இடையே அருமையான ஒட்டுறவு ஏற்படுகிறது.

இதே சூப்பைக் குளிரவைத்து அருந்துவது சென்னைக் கோடைக்கு மிகவும் பொருத்தம். நியூயார்க்கின் ரிட்ஸ் கார்ல்டன் ஓட்டலில் தலைமைச் சமையலராக இருந்த பிரெஞ்சுக்காரர் லூயி தியா, சிறு வயதில் தம் தாய் செய்து தந்த உருளைக்கிழங்கு லீக்ஸ் சூப்பில் குளிர்ந்த பாலை ஊற்றிக் குடித்ததை நினைவுகூர்ந்து, 1917ஆம் ஆண்டுக் கோடையில் விருந்தினருக்குக் குளிர்ந்த சூப்பாகப் படைத்தார். விஷிசுவாஸ் என்னும் பெயரில் அது உலகெங்கும் பரவியது. குளிர்ந்த உணவில் உப்பு குறைவாகத் தெரியும் என்பதால், பரிமாறும் முன் சுவைத்துப் பார்த்து ஒரு சிட்டிகை கூடுதலாகச் சேர்க்க வேண்டியிருக்கும். மேலே தூவ, சைவ்ஸ் (chives) என்னும் வெங்காய வகை இலை கிடைக்காவிட்டால் வெங்காயத்தாளின் பச்சையைப் பொடியாக நறுக்கித் தூவலாம்.

நம் அடுப்படிக்கு ஏற்ற உணவுகள்

பாசிப்பருப்புக் கூட்டு லீக்ஸுக்கு எல்லா வகையிலும் பொருந்துகிறது. அரை கப் பாசிப்பருப்பைச் சிறிது மஞ்சள்தூளுடன் மலர வேகவைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய லீக்ஸின் வெள்ளையையும் இளம்பச்சையையும் நறுக்கித் தேங்காய் எண்ணெயில் மூடிக் குழைய வதக்கி, பருப்புடன் சேர்த்து ஒரு கொதி விடுங்கள். மூன்று மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல், அரைத் தேக்கரண்டி சீரகம், ஒரு பச்சை மிளகாய் ஆகியவற்றை அரைத்துச் சேர்த்து, இரண்டு நிமிடத்தில் இறக்கிக் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்தால் போதும். பெருங்காயம் வேண்டியதில்லை. பெருங்காயமும் கந்தகச் சேர்மங்களால் மணப்பதுதான். வெங்காயம் இல்லாத சமையலில் அந்த இடத்தை அது நிரப்புகிறது. லீக்ஸ் இருக்கும் இடத்தில் அதைச் சேர்த்தால் மெல்லிய வாசனை அமுங்கிவிடும்.

உருளைக்கிழங்குப் பொரியலில் கிழங்கைத் தனியே வேகவைத்து, கடலை எண்ணெயில் கடுகு, சீரகம், கிள்ளிய மிளகாய் வற்றல் தாளித்து, லீக்ஸைக் குழைய வதக்கிய பிறகு கிழங்கைச் சேர்த்துப் புரட்டுவதே முறை. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் கிழங்கு நீரை உறிஞ்சிக்கொண்டு லீக்ஸை வேகவிடாது. முட்டைப் பொடிமாஸிலும் அப்படியே. லீக்ஸ் முழுதாக வெந்து ஈரம் வற்றிய பிறகுதான் முட்டையை உடைத்து ஊற்ற வேண்டும், மிளகுத்தூளைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

இலங்கைத் தமிழர் வீடுகளில் லீக்ஸ் அன்றாடக் காய்களுள் ஒன்று. நுவரெலியா, வெலிமடைப் பகுதிகளில் அது பரவலாக விளைகிறது, அங்குள்ளவர்கள் வெள்ளையையும் பச்சையையும் பிரிக்காமல் மிக மெல்லியதாக அரிந்து சமைக்கிறார்கள். அவர்களது பால்கறி முறை நம் வீடுகளில் பரவ வேண்டும் என்பது என் ஆசை. இரண்டு லீக்ஸை முழுவதும் மெல்லியதாக அரிந்து அலசி, இரண்டு பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், நான்கு சின்ன வெங்காயம், உப்பு ஆகியவற்றுடன் ஒரு கப் இரண்டாம் தேங்காய்ப்பாலில் மூடி வேகவிடுங்கள். பச்சை இலையும் சேர்ந்திருப்பதால் 15 நிமிடத்துக்குக் குறையாமல் ஆகும். வெந்தபின் அரை கப் முதல் பாலை ஊற்றி, கொதி எழும் முன் இறக்கி, சூடு சற்றுத் தணிந்ததும் எலுமிச்சை பிழியலாம். அசைவம் உண்பவர்கள் மாசிக்கருவாட்டை இடித்து ஒரு தேக்கரண்டி சேர்ப்பார்கள். சோற்றைவிட இடியாப்பத்துக்கு இது நன்றாக இணங்குகிறது.

மசாலா எதுவும் இல்லாமல் லீக்ஸின் சுவையை அறிய விரும்புவோர், தண்டை ஐந்து சென்டிமீட்டர் துண்டுகளாக்கி உப்பு நீரில் மூடிப் பத்துப் பதினைந்து நிமிடம், கத்தி நுனி தடையின்றி இறங்கும் வரை வேகவைத்து, நீரை நன்றாக வடித்துவிட்டு, சூடாக இருக்கும்போதே எண்ணெய், எலுமிச்சைச் சாறு, சிறிது கடுகு விழுது, உப்பு, மிளகு கலந்து ஊற்றி ஊறவிடலாம். பிரெஞ்சு வீடுகளில் இது எளிய முன்னுணவு.

எது பொருந்தும், எது பொருந்தாது

லீக்ஸின் சுவையைக் கொழுப்பே நன்றாக ஏந்திச் செல்கிறது. வெண்ணெய், நெய், தேங்காய்ப்பால், பாலேடு ஆகிய நான்கும் அதற்கு உற்ற துணைகள். நல்லெண்ணெய் மணம் மிகுந்தது என்பதால் வெள்ளைப் பகுதிக்கு அதைத் தவிர்ப்பேன், கரும்பச்சை இலைத் துவையலுக்கு மட்டும் பயன்படுத்துவேன். மசாலாப் பொருள்களில் மிளகு, சீரகம், பச்சை மிளகாய், ஜாதிக்காய் ஆகியவை நன்றாக இணைகின்றன. இஞ்சி ஓர் அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. கரம் மசாலா, சாம்பார்ப் பொடி, நிறையப் பூண்டு, கெட்டியான புளிக்கரைசல் ஆகியவற்றுடன் சமைத்தால் லீக்ஸ் இருந்ததே தெரியாது. அத்தகைய குழம்புக்கு விலை குறைந்த வெங்காயமே போதுமானது. காளான், பச்சைப் பட்டாணி, கேரட், பன்னீர், கோழி, மீன் ஆகியவற்றுடன் லீக்ஸ் இணக்கமாகச் சேரும்.

வெங்காயமும் பூண்டும் விலக்கும் விரத நாள்களிலும் திவச நாள்களிலும் லீக்ஸையும் விலக்க வேண்டும், ஏனெனில் அதுவும் அதே குடும்பம். ஃபுரக்டான் என்னும் நார்ச்சத்து வெள்ளைப் பகுதியில் மிகுதியாக இருப்பதால், வெங்காயம் உண்டால் வயிறு உப்பும் இயல்புடையோர் பச்சை இலைகளைச் சிறிதளவு உண்டு பார்ப்பது ஏற்புடையது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், அசெனோகுமரால் போன்ற மருந்துகளை உட்கொள்வோர், லீக்ஸில் உயிர்ச்சத்து கே இருப்பதைக் கருத்தில் கொண்டு, திடீரென்று நிறைய உண்ணத் தொடங்காமல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டில் நாயோ பூனையோ இருந்தால், வெந்ததானாலும் சரி, கழித்த இலையானாலும் சரி, அவற்றின் வாய்க்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெங்காயக் குடும்பத்தின் எல்லாச் செடிகளும் அவற்றின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன.

கரும்பச்சை இலைகளை எறியாதீர்கள்

எடைக்கு விலை கொடுத்து வாங்கும் லீக்ஸில் ஏறத்தாழப் பாதி எடை இந்த இலைகளில்தான் இருக்கிறது. ஐரோப்பியச் சமையல் குறிப்புகள் பலவும் வெள்ளையை மட்டும் எடுக்கச் சொல்வதைப் படித்து, நாமும் அவற்றைக் குப்பையில் போடத் தேவையில்லை. கீரையின் தண்டைக்கூடக் குழம்பில் போடும் ஊர் நம்முடையது.

சாறு இறக்குவது மிக எளிய வழி. கழுவிய இலைகளுடன் கேரட் முனைகள், காளான் காம்புகள், பத்து மிளகு, ஒரு பிரிஞ்சி இலை ஆகியவற்றைப் போட்டு, ஒன்றரை லிட்டர் தண்ணீரில் குறைந்த தீயில் 40 நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டினால், எந்தச் சூப்புக்கும், காய்கறிச் சாதத்துக்கும் ஊற்றத் தக்க மணமுள்ள நீர் கிடைக்கும். ஃப்ரிட்ஜில் மூன்று நாள் இருக்கும், ஃப்ரீசரில் இன்னும் நீண்ட நாள் இருக்கும்.

துவையலுக்கு, பொடியாக அரிந்த இலை இரண்டு கப் எடுத்து, நல்லெண்ணெயில் மூடிப் பத்து நிமிடம் வதக்குங்கள். இரண்டு மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பையும் நான்கு மிளகாய் வற்றலையும் தனியே சிவக்க வறுத்து, நெல்லிக்காய் அளவு புளி, மூன்று மேசைக்கரண்டி தேங்காய், உப்பு ஆகியவற்றுடன் முதலில் அரைத்து, கடைசியில் இலையைச் சேர்த்து நன்றாக அரைக்க வேண்டும். நார் முழுவதும் அறுபடும் வரை மிக்ஸியை ஓட்டுவது அவசியம். வெள்ளைப் பகுதிக்கு வேண்டாமென்று சொன்ன புளியும் நல்லெண்ணெயும் இந்த முரட்டு இலைக்கு வேண்டியவையே.

அடைக்கும் இதே இலை நன்றாக உதவும். இரண்டு கப் மாவுக்கு முக்கால் கப் என்ற அளவில், நூலிழைபோல் அரிந்து, சிறிது உப்புடன் பிசறிப் பத்து நிமிடம் வைத்துவிட்டு, விட்ட நீருடனேயே மாவில் கலக்கலாம். முருங்கைக்கீரை அடையைவிட இது வேக நேரம் எடுக்கும் என்பதால், அடையை மெல்லியதாகத் தட்டி, நடுவில் துளையிட்டு எண்ணெய் விட்டு, மிதமான தீயில் மூடி ஒரு புறம் நான்கு நிமிடம் வேகவிட்டுத் திருப்புங்கள். மாவில் ஊறிய இலை நேரமாக ஆக நீர் விட்டுக்கொண்டே போகும். ஆகவே அன்று வார்க்கப் போகும் அடைகளுக்கு வேண்டிய மாவில் மட்டும் இலையைக் கலந்து, மீதி மாவைத் தனியே ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும்.